‘இல்லை’ அணியின் முதல் பேச்சாளர்

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கம் செய்த காரியங்களில் உண்மையிலேயே பயனுள்ளது அறைப் பட்டியல்தான். பொங்கல் விழாவுக்கு எட்டிப் பார்க்காதவர்கள்கூட அதைத் தேடி வந்தார்கள். ஆக்லாந்தின் லின்ஃபீல்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மார்ட்கேஜ் சுமையைக் கொஞ்சம் குறைக்க ஓர் அறையை மாணவர்களுக்கு விடுவார்கள். சங்கச் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொல்வார்கள். செயலாளர் பட்டியலில் ஏற்றுவார். ஊரில் விமானம் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகள் அதைப் பார்த்து அறை பேசிவிடுவார்கள். இரண்டு ஆண்டுகள் அந்தச் செயலாளர் நான்.

பட்டியலில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘சைவ உணவு மட்டும்’, ‘பேருந்து நிறுத்தம் அருகில்’, ‘பெண்களுக்கு மட்டும்’ என்று வீட்டுக்காரர்கள் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்வேன். ‘நம்மவர்களுக்கு முன்னுரிமை’ என்று ஒருவர் சொன்னபோதும் அப்படியே தட்டச்சு செய்தேன். தமிழர்களைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பட்டியலைப் படிக்கிற எல்லோருமே தமிழர்கள்தானே என்ற எண்ணம் எனக்கு எழவில்லை.

அதை எழுப்பியவள் பொதுச் சுகாதாரம் படிக்க விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருத்தி. என்னைவிட இரண்டு வயது இளையவள். வந்து ஐந்து வாரமாகியும் நகர மையத்தில் ஒரு மாணவர் விடுதியில், இன்னொருத்தியின் அறைத் தரையில் படுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மதியம் நூலகத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்து, பட்டியலில் இருந்த மூன்று வீடுகளுக்குப் போய் வந்ததைச் சொன்னாள்.

“மொதல்ல சமையல் பத்திக் கேட்டாங்க. சரி. அப்புறம் எந்த ஊருன்னாங்க. சொன்னேன். ஊர்ல எந்தத் தெருன்னாங்க. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமான்னு கேட்டாங்க. அக்கா, அவங்க எங்க ஊருக்கு வந்ததே இல்ல. ஆனா பக்கம் மட்டும் கேக்கத் தெரியுது.”

“என்ன சொன்ன?”

“உண்மையத்தான் சொன்னேன். மறுநாள் ரூம் போயிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. போன ரூம் மூணு வாரமா உங்க லிஸ்ட்ல இருக்கு.”

தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பது. நேரடியாகக் கேட்க நாணுகிறவர்கள் கண்டுபிடித்த வழி அது. தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கும் அவள் விளக்கவில்லை. அவள் சொன்ன மூன்று வீடுகளில் ஒன்றில் என் முதல் ஆண்டை நான் கழித்திருந்தேன். என்னையும் அதே கேள்வி கேட்டார்கள். நான் பதில் சொன்னேன், காபி கொடுத்தார்கள். அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்பதே அவள் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவள் கேட்டது இரண்டே காரியம். “அந்த நம்மவர்கள் வரிய எடுத்துடுங்க. எந்தத் தெருன்னு கேக்கிற வீட்ட லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுங்க. எனக்காக இல்ல, நான் எப்படியாச்சும் பாத்துக்குவேன். அடுத்து வர்றவங்க எவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க, பாவம்.”

நிர்வாகக் குழுவில் இதை வைத்தேன். ஒன்பது பேர் கொண்ட குழு. ஒருத்தியின் பேச்சைக் கேட்டு, வருடா வருடம் விழாவுக்கு நன்கொடை தருகிற பெரியவர்களைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்றார்கள் சிலர். சாதியெல்லாம் இந்த நாட்டில் ஏது என்றார்கள் சிலர். அதே வாரத்தில் பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவிலிருந்து எல்லாச் சங்கங்களுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது: எல்லோரையும் உள்ளடக்கிய வளாகத்தை உருவாக்கும் முயற்சியாக, ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களோடு மனம் திறந்த உரையாடல் ஒன்றை நடத்தி, அறிக்கை அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்றார் தலைவர்.

தலைவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்து, ஐந்து வயதில் ஆக்லாந்து வந்து, இங்கேயே வளர்ந்து சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். கதிரைகளை வட்டமாகப் போட்டு இருந்து கதைப்போம் என்பது அவருடைய யோசனை.

“ஆரும் ஆரையும் மறிக்கக் கூடாது. ஆளுக்கு ஆள் தனக்கு நடந்ததைச் சொல்லட்டும். மற்ற ஆக்கள் கேக்கட்டும். அவ்வளவுதான்.”

“வட்டமா உக்காந்து என்ன செய்யறது, பஜனையா?” என்றேன்.

“உமக்கு மைக் இல்லாட்டி மூச்சு வராது, என்ன?”

குழு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் நான் எழுந்து நின்று பேசினேன். அந்தப் பேச்சை இன்றும் ஒரு சொல் பிசகாமல் என்னால் திரும்பச் சொல்ல முடியும். வட்டமாக உட்கார்ந்தால் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் பேசுவார்கள், கூச்சப்படுகிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பேசியவரின் கருத்து அவர் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்; மறுநாள் வளாகத்தில் அவரைப் பார்க்கிறவர்கள் அந்தக் கருத்தைத்தான் பார்ப்பார்கள். நம்மிடம் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பட்டிமன்றம். ‘நம் சங்கத்தில் பாகுபாடு இருக்கிறதா, இல்லையா?’ என்று தலைப்பு வைப்போம். நான்கு பேச்சாளர்கள். யார் எந்த அணி என்பதைச் சீட்டு தீர்மானிக்கட்டும். அப்போது யாரும் யாரையும் பகைக்க முடியாது. பேசியது ஆளல்ல, அணி. எல்லாக் கருத்தும் மேடைக்கு வரும், எல்லோரும் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.

இதை நான் நம்பித்தான் சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குக் கற்றுத்தந்தது அதுதான். எங்கள் பள்ளிப் போட்டிகளில் ‘ஒட்டியும் வெட்டியும் பேசுதல்’ என்று ஒன்று உண்டு. தலைப்பை ஆதரித்துத் தொடங்க வேண்டும். நடுவர் மணியடித்த நொடியில், அதே குரலில், அதே மிடுக்கில் எதிர்த்துப் பேச வேண்டும். மற்றவர்கள் மணியோசை கேட்டதும் திணறுவார்கள். நான் மூச்சு வாங்கியதுகூட இல்லை. மாவட்ட அளவில் மூன்று முறை முதற்பரிசு. எந்த அணியில் நிறுத்தினாலும் வெல்வேன் என்பதுதான் என்னைப் பற்றி நான் வைத்திருந்த மிக உயர்ந்த எண்ணம்.

குழு ஒப்புக்கொண்டது. அன்றைய தீர்ப்பு எதுவோ அதுவே அறைப் பட்டியல் குறித்த சங்கத்தின் முடிவாகும் என்றும் எழுதிக்கொண்டோம். நடுவர் நான். அவளைப் பேச அழைத்தேன். அவளும் பள்ளியில் பேசிப் பழகியவள்; உடனே சம்மதித்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், மூன்றாம் மாடி வகுப்பறை ஒன்றில் நாற்பது பேர்போல் கூடியிருந்தார்கள். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நனைந்த குடைகளைக் கதவோரம் கம்பளத்தில் போட்டிருந்தார்கள். மாணவர் நல அலுவலர், நரை கலந்த கூந்தலுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கடைசி வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் ஒருவர் அவ்வப்போது காதில் சொல்வதாக ஏற்பாடு.

நான்கு சீட்டுகளை ஓர் எவர்சில்வர் டம்ளரில் போட்டு நீட்டினேன். அவள் இரண்டாவதாக எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள். அருகே வந்து தாழ்ந்த குரலில், “அக்கா, மாத்திக்கலாமா?” என்றாள்.

சீட்டில் ‘இல்லை’ என்றிருந்தது.

‘இருக்கிறது’ எடுத்திருந்த பையன், கணினி படிக்கிற கோயம்புத்தூர்க்காரன், “எனக்கு எதுன்னாலும் ஓகேங்க, நான் மாத்திக்கிறேன்” என்று சீட்டை நீட்டினான்.

“மாத்தறதுன்னா சீட்டு எதுக்கு?” என்றேன். அவளிடம், “உன்னால முடியும்மா. கஷ்டமான பக்கம் நின்னு பேசறதுதான் பேச்சு” என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போனாள்.

கோயம்புத்தூர்ப் பையன் முதலில் பேசினான். உலகில் எங்கெங்கே பாகுபாடு இருக்கிறது என்று கண்டம் கண்டமாகச் சொன்னான். லின்ஃபீல்டு வரை வரவில்லை. அடுத்து அவளை அழைத்தேன்: “இல்லை என்ற அணியின் முதல் பேச்சாளர்!”

அவள் கையில் குறிப்புத் தாள் இல்லை. மைக்கின் உயரத்தைத் தன் வாய்க்கு இறக்கிக்கொண்டாள்.

“நடுவர் அவர்களே! எந்த ஊர் என்று கேட்பது குற்றமா? ஊர் கேட்காத தமிழர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டார்களாம். நாளைக்கு வந்து போக வேண்டாமா? வழி தெரியாதவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்!” அவை கலகலத்தது. “அறை போய்விட்டது என்றார்களாம். போன அறை மூன்று வாரம் பட்டியலில் இருந்ததாம். அதற்கு வீட்டுக்காரர் என்ன செய்வார்? அழிக்க வேண்டியவர் நம் செயலாளர். அவருக்கு அத்தனை மேடை, அத்தனை மாலை!”

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடுவரைச் சீண்டுவது பேச்சாளரின் உரிமை. அதை அவள் சரியான இடத்தில் பயன்படுத்தினாள் என்று என் தாளில் குறித்துக்கொண்டேன்.

“பாகுபாடு எங்கே இருக்கிறது, நடுவர் அவர்களே? பட்டவளின் கண்ணில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். மூடிவிட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், இந்தச் சங்கத்தில் அது இல்லவே இல்லை!”

கைத்தட்டல் எழுந்தது. கடைசி வரிசைப் பெண்மணியும் தட்டினார். இப்போது எழுதும்போது அந்தச் சொற்கள் எதைச் சொல்கின்றன என்பது ஒரு குழந்தைக்கும் விளங்கும். அன்று எனக்கு விளங்கியவை ஏற்ற இறக்கமும் நிறுத்தமும் மட்டுமே. மற்ற இருவரும் பேசி முடித்த பின் எழுந்து, வாதத்தின் வலிமையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு, ‘இல்லை’ என்ற அணிக்கே தீர்ப்பளித்தேன். சிறந்த பேச்சாளர் சான்றிதழை அவள் கையில் கொடுத்தேன். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு, மிஞ்சிய பஃப்ஸ்களை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தலைவர் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“சந்தோசமோ?” என்றார்.

“ஏன், நல்லாத்தானே போச்சு?”

“ஓம், ஒரு குறையும் இல்லை. அவவுக்கு நடந்ததை அவவின்ர வாயாலயே நடக்கேல்லை எண்டு சொல்ல வச்சு, அதுக்கு ஒரு சேர்டிபிகட்டும் குடுத்துப் போட்டீர்.”

“சீட்டுதானே...”

“சீட்டுதான். எல்லாம் சீட்டுதான் செய்தது. நீர் டம்ளரைத்தானே பிடிச்சனீர்.”

அந்த இடத்தில் எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். கோபமோ வெட்கமோ வரும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. டப்பாவை மூடி, கம்பளத்தில் உதிர்ந்திருந்த பஃப்ஸ் துணுக்குகளைப் பொறுக்கினேன். வீட்டுக்குப் போய்க் கூட்டக் குறிப்பை எழுதினேன்: ‘பட்டிமன்றத் தீர்ப்பின்படி அறைப் பட்டியலில் மாற்றம் தேவையில்லை.’ ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையும் எழுதி மாணவர் நலப் பிரிவுக்கு அனுப்பினேன். பிழையில்லாத அறிக்கை.

மறுநாள் அவள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகியிருந்தாள். அதற்குப் பிறகு பல வாரங்கள் வகுப்பு, பகுதிநேர வேலை, பேருந்து என்று போயின. புதிய அறைகள் வந்தால் பட்டியலில் ஏற்றினேன். ‘நம்மவர்களுக்கு’ என்ற சொல்லை இரண்டு முறை தட்டச்சு செய்தேன். விரல் நிற்கவில்லை.

செமஸ்டர் முடிகிற சமயத்தில் மாணவர் நல அலுவலர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். எங்கள் நிகழ்ச்சியை நல்லதொரு முன்மாதிரியாகப் பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் போட விரும்புவதாகவும், சிறந்த பேச்சாளரின் பெயரும் படமும் வேண்டுமென்றும், அதற்கு அவருடைய ஒப்புதல் கையெழுத்து தேவை என்றும் எழுதியிருந்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு நகரின் தென்கோடியிலிருக்கும் மனுரேவாவுக்கு ரயில் ஏறினேன். அவள் அங்கே ஒரு ரெஸ்ட் ஹோமில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள்; கூட வேலை பார்க்கிற ஃபிஜிக்காரப் பெண் ஒருத்தியின் வீட்டில் தங்கியிருந்தாள். தினமும் வகுப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்து பேக்கரியில், வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்தாள். கையில் சோப்பு வாசனை. படிவத்தைப் படித்தாள்.

“இல்லன்னு பேசினேன்ல, அத இந்த ஊருக்கே காட்டப் போறாங்களா?”

“பேரும் போட்டோவும் போடுவாங்க.”

அவள் பேனாவை எடுக்கவில்லை. “உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா அக்கா? திட்டறேன்னு நெனைக்காதீங்க. அன்னிக்கி இல்லன்னு பேசும்போது நிம்மதியா இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் எனக்கு அது நடக்கவே இல்ல. எல்லாரும் சிரிக்கிறாங்க, நானும் அவங்களோட சிரிக்கிறேன். அப்புறம் நீங்க தீர்ப்பு சொன்னீங்க. அப்பத்தான் அது திரும்ப நடந்துச்சு.”

“நான் வாதத்த வெச்சுத்தான்...”

“தெரியும். நானும் கப்பு வாங்கினவதான். உங்க எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பேன். அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.” தட்டில் சாஸில் குளித்திருந்த ‘பை’ பலகாரத்தை முள்கரண்டியால் பிளந்தாள். “அந்தத் தீர்ப்ப எடுக்க முடியுமா?”

“தீர்ப்ப எப்படி எடுக்கறது? அப்படி ஒரு வழக்கமே இல்லையே.”

“சரி. அப்ப கையெழுத்தும் இல்ல.” படிவத்தைத் திருப்பித் தந்தாள். “லிஸ்ட்ட மாத்திட்டு வாங்க. அப்ப போட்டோ என்ன, பேனரே வைக்கலாம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனாள். திரும்பும் ரயிலில், ஒரு பதிலுரையை மனத்துக்குள் தொடங்கிப் பார்த்தேன். நான்கு நிலையங்கள் வரை முயன்றேன். எந்த அணிக்காகப் பேசுகிறேன் என்பது பிடிபடவில்லை, விட்டுவிட்டேன்.

மறு வாரம் மாணவர் நல அலுவலரைப் பார்த்து, அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். பாகுபாடு இல்லை என்று பேசியவள்தான் அது நடந்தவள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஏன் அப்படிப் பேசினாள் என்றார். சீட்டில் அப்படி வந்தது என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பட்டிமன்ற மரபைப் பற்றிப் பத்து நிமிடம் தடங்கலின்றி ஆங்கிலத்தில் என்னால் விளக்கியிருக்க முடியும். நான் விளக்கவில்லை. அறிக்கையைத் திருப்பித் தந்தார்.

அடுத்த குழுக் கூட்டத்தில், தீர்ப்பை நீக்கிவிட்டு அவள் கேட்ட இரண்டு மாற்றங்களையும் ஏற்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன்.

“இல்லன்னு அவளே பேசிட்டா, நீங்களே தீர்ப்பும் குடுத்தீங்க. இப்ப என்ன புதுசா?” என்றார் பொருளாளர்.

“தீர்ப்பு தப்பு” என்றேன். உட்கார்ந்தபடியே சொன்னேன். எல்லோரும் நான் எழுந்து நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். தலைவரும் காத்திருந்தார். நான் எழவில்லை.

“வேற ஒண்டும் சொல்லேல்லையோ?” என்றார் தலைவர்.

“இல்ல.”

ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. பட்டியலில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதினேன். இனி இந்தப் பட்டியலில் இருக்க வேண்டுமானால் ஊரையும் தெருவையும் கேட்கக் கூடாது. கேட்டதாகப் புகார் வந்தால் வீடு நீக்கப்படும். பதினொரு வீடுகளில் இரண்டு மட்டும் சரி என்று பதில் அனுப்பின. மற்றவர்கள் சண்டை போடவில்லை. ஒருவர் மட்டும், “என்னம்மா, நீ நம்ம வீட்ல இருந்த பொண்ணுதானே” என்று வருத்தப்பட்டு அழைத்தார். இரண்டு வாரத்துக்குள் வேறு யாரோ ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். எங்கள் பட்டியலில் இருந்த மற்ற ஒன்பது வீடுகளும் அதற்கு மாறின. புதிதாக நான்கு சேர்ந்தன என்று கேள்வி.

மாற்றப்பட்ட பட்டியலை அவளுக்கு அனுப்பினேன். ‘பாத்தேன்கா, நன்றி’ என்று பதில் வந்தது. சங்கத்துக்கு அவள் திரும்பி வரவில்லை. மனுரேவாவிலேயே இருக்கிறாள். நானும் அவளிடம் மறுபடி கையெழுத்துக் கேட்கவில்லை.

போன வாரம், பிப்ரவரியில் படிக்க வரப்போகிற ஒரு பெண் திருநெல்வேலியிலிருந்து அழைத்தாள். விசா வந்துவிட்டது, டிக்கெட் எடுத்துவிட்டார்கள், அறைதான் இல்லை.

“லிஸ்ட்ல ரெண்டே ரெண்டுதான் இருக்குக்கா. ரெண்டும் ஃபுல்லுங்காங்க. இன்னொரு லிஸ்ட் இருக்காமே, வாட்ஸ்அப்ல? அதுல நெறைய ரூம் இருக்குன்னாங்களே.”

“இருக்கு.”

“அதோட லிங்க் இருக்காக்கா?”

என்னிடம் இருந்தது. “அங்க உன்ன எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க” என்றேன்.

மறுமுனையில் யாரோ குக்கரை இறக்கி வைக்கும் ஓசை கேட்டது. எதற்காகக் கேட்பார்கள் என்று அவள் கேட்கவில்லை.

“கேட்டா என்ன சொல்லணும்கா?”

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். ஒரு வாரம் என் அறையில் தங்கிக்கொண்டு தேடலாம், தரையில்தான் படுக்க வேண்டியிருக்கும் என்றேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தாள். இன்னும் அழைக்கவில்லை.